தலைவரின் டோப்பா

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரியகடை அத்தை, அவருடைய அண்ணன் மகனும் இப்போது பெரியகடையைப் பார்த்துக்கொள்பவனுமான சீப்பு, அத்தையின் சித்தப்பா மகனான சின்னக்கடைக்காரர், சின்னக்கடைக்காரரின் மனைவி, அருங்காட்சியகத்தின் இயக்குநர், வழிகாட்டிப் பெண் ஒருத்தி, கதவோரம் நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த காவலாளி. மெழுகில் செய்து நிறுத்தியிருந்த தலைவரையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு சுற்றுலாக் கூட்டம் உள்ளே வந்து சிரித்துவிட்டுப் போனது. அவர்களைச் சேர்க்க வேண்டியதில்லை. "நானும் அங்கேதான் இருந்தேன், என் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரியும் உறவுக்காரர்கள் யாரும் அன்று அந்தத் தெருப்பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

பெரியகடையும் சின்னக்கடையும் டோப்பாக் கடைகள். மேடை நடிகர்கள், மணப்பெண்கள், நோயில் முடி உதிர்ந்தவர்கள், தங்கள் வயதை ஒப்புக்கொள்ள மனம் வராத பெரிய மனிதர்கள் என்று பலரும் வந்து போகும் இடம். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து நடத்திய ஒரே கடை அது. இருவரும் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் நடுவில் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டார்கள். முன்பாதி அண்ணன் வழிக்கு, அது பெரியகடை. பின்பாதி தம்பி வழிக்கு, அது சின்னக்கடை. அளவில் இரண்டும் ஒன்றுதான் என்று சின்னக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அத்தை அதை ஒப்புக்கொண்டதில்லை. சுவர் எழும்பிய நாளிலிருந்து அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதும் இல்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆளை நிறுத்தி, அந்த ஆளிடம் சொல்வார்கள். கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார்கள். ஆனாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

சீப்பு அந்த வேலைக்கென்றே வளர்ந்தவன். சட்டைப் பையில் எந்நேரமும் சீப்பு இருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

தலைவர் சுட்டுக்கொல்லப்பட்டது அவர்கள் எல்லாரும் ஒரே கடையில் இருந்த காலத்தில். மாநாட்டு மண்டபத்தின் படிகளில் இறங்கி வரும்போது வலது கையை உயர்த்தித் தலைமேல் வைத்தார். அந்த நேரத்தில் குண்டு பாய்ந்தது. யாரோ ஒரு புகைப்படக்காரர் அதைப் பிடித்துவிட்டார். தலைமேல் கை வைத்த அந்தப் படம் நாடு முழுவதும் போயிற்று. எதற்காகக் கையைத் தூக்கினார் என்று பேசத் தொடங்கியவர்கள், சுட்டவனை மன்னித்து ஆசி கூறத்தான் தூக்கினார் என்று முடித்துவைத்தார்கள். பிறகு சிலை வந்தது, தபால்தலை வந்தது, பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாடம் வந்தது. தலைமேல் கை வைத்த சிலை இல்லாத நாற்சந்தி இந்த நாட்டில் இல்லை. அத்தை ஒவ்வொரு முறை அந்தச் சிலைகளைக் கடக்கும்போதும் வாயை இறுக மூடிக்கொள்வார். தொழிலின் மரியாதை அது. வாடிக்கையாளரைத் தெருவில் பார்த்தால் முன்பின் தெரியாதவர் போலப் போய்விட வேண்டும், அவர் கல்லாக நின்றாலும் சரி.

வெளியே வாய் திறக்காவிட்டாலும் வீட்டுக்குள் பேசாமல் இருக்க முடியுமா? கல்யாணமோ சாவோ, உறவு கூடிய இடத்தில் எல்லாம் இந்தச் சண்டைதான். தலைவரின் தலை எங்கள் வேலை என்று பெரியகடை சொல்லும். அவர் வந்துபோனது பின்வாசல் வழியாக, பின்வாசல் இப்போது எங்களுடையது, ஆகவே அவர் எங்கள் வாடிக்கையாளர் என்று சின்னக்கடை சொல்லும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இப்படி இருக்கும்போது தலைவரின் மகள் ஒரு நாள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் தலைவர் பெயரில் இருந்த அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டார். உள்ளே அப்பாவின் டோப்பா. அங்கே அப்போதுதான் புதிதாக ஓர் இயக்குநர் வந்திருந்தார். உண்மையைக் கண்டுபிடிப்பதற்காகவே பிறந்தவர் என்று அவரைப் பற்றி அவரே பேட்டி கொடுத்திருந்தார். அவர் டோப்பாவையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுநாள் செய்தித்தாளில் வந்துவிட்டது: தலைவர் யாரையும் மன்னிக்கவில்லை, காற்றில் நழுவிய பொய்முடியைப் பிடிக்கத்தான் கையைத் தூக்கினார். கையசைக்கிறார் என்று நினைத்துக் காவலர்கள் விலகி நின்றார்கள். அந்த இடைவெளியில் சுட்டுவிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், தலைவரைக் கொன்றது ஒட்டாத பசை.

செய்தி வந்த நாளிலிருந்து இரண்டு கடையிலும் ஒரே கதை. கண்ணாடி முன்னால் உட்காருபவர்கள் தலையை இப்படியும் அப்படியும் உலுக்கிப் பார்த்தார்கள். "நழுவாதுல்ல?" என்று கேட்காத ஆள் இல்லை. அச்சு வைத்து அளவெடுத்துப் போன ஒரு மணப்பெண்ணின் தாய், வேண்டாம், இருக்கிற முடியே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உறவிலோ, இத்தனை வருடமாக எங்கள் வேலை எங்கள் வேலை என்று அடித்துக்கொண்ட இரண்டு வீடும் ஒரே இரவில் வாயடைத்துப் போயின. அந்த நிலையில்தான் அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு கடைக்கும் அழைப்பு வந்தது. டோப்பாவைப் பார்த்து, யார் வேலை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"போகாம இருந்துடலாமா அத்தை?" என்றான் சீப்பு.

"போகலேன்னா நாமதான்னு எழுதிடுவான். போய், நாம இல்லைன்னு சொல்லிட்டு வருவோம்" என்றார் அத்தை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டார்.

அருங்காட்சியகம் என்றால் ஏதோ என்று நினைத்துப் போனால், அது தலைவர் வீட்டுப் பரண். அவர் பல் துலக்கிய பிரஷ் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவர் குடை, அவர் மூக்குக்கண்ணாடி, அவர் பாதி குடித்துவிட்டு வைத்த சுருட்டு. உலகத்தில் யாரும் பல் துலக்காதது போல அந்தப் பிரஷுக்கு முன்னால் நாலு பேர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த அறையில் சுவரில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்கும். வந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று அழுத்திக்கொண்டிருந்தன. ஒரு மனிதரை ஒரு முறைதான் கொல்ல முடியும் என்பது வெளியே இருக்கும் நியதி. இங்கே காலையிலிருந்து மாலைவரை கொன்றுகொண்டே இருந்தார்கள், பெற்றவர்களும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு கடை. தலைமேல் கை வைத்த தலைவர் படம் போட்ட குவளை, பனியன், சாவிக்கொத்து.

"இந்தக் குவளையில காபி குடிச்சா இறங்குமா?" என்றார் அத்தை.

"மெதுவா பேசுங்க அத்தை."

"எதுக்கு? அவருக்குக் கேட்கப்போகுதா?"

கடைசி அறைக்கு இயக்குநரே வந்து அழைத்துப்போனார். ஒரு காதோரத்து முடியை நீளமாக வளர்த்து, உச்சியைத் தாண்டி மறுகாது வரைக்கும் இழுத்துப் படியவைத்திருந்தார். எந்தத் தலையைப் பார்த்தாலும் அளவெடுத்துவிடுவது அத்தையின் கண். தன் தலையை மறைக்கத் தெரியாத மனிதர் ஊரார் தலையை ஆராய வந்துவிட்டார் என்று அங்கேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

அறையின் ஒரு சுவர் முழுக்க அந்தக் கடைசிப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். அதன் முன்னால் மெழுகுத் தலைவர். நடுவில் மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மரத்தலை ஒன்றில் மாட்டிய டோப்பா. சின்னக்கடைக்காரரும் அவர் மனைவியும் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். சின்னக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். அத்தை மறுசுவரைப் பார்த்தார்.

"வாங்க அண்ணி, சௌக்கியமா?" என்றாள் சின்னக்கடைக்காரர் மனைவி. பேசாமல் இருக்கும் சபதத்தில் அவள் எப்போதும் சேர்ந்ததில்லை.

"இருக்கேன்மா. உன் வீட்டுக்காரர் இளைச்சுட்டாரே. சாப்பாடு போடறியா இல்லையா?"

"சீப்பு, உங்க அத்தைகிட்ட சொல்லு" என்றார் சின்னக்கடைக்காரர். "இளைக்கல. முதுகு நேரா இருக்கறதால அப்படித் தெரியுது."

பெட்டியின் அடியில் பித்தளைத் தகட்டில் எழுத்து. இயக்குநர் அதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "தலைவரின் பொய்முடி. காற்றில் நழுவிய இதைப் பிடிக்கத் தலைவர் கையை உயர்த்திய வேளையில் குண்டு பாய்ந்தது. செய்தவர்: ..." அதற்கு மேல் தகடு வெறுமையாக இருந்தது. "அங்கேதான் உங்க பேர் வரணும்" என்றார், பரிசு கொடுப்பவர் மாதிரி. "அடுத்த வாரம் அமைச்சர் வந்து திறக்கிறார். தலைவரோட கட்சிக்காரங்க, இது போலி, அவரைக் கேவலப்படுத்தக் கொண்டாந்து வெச்சதுன்னு கோர்ட்டுக்குப் போவோம்கிறாங்க. செஞ்சவங்க கையெழுத்து இருந்தா அவங்க வாயை அடைச்சிடலாம்."

பூட்டைத் திறந்து, மரத்தலையோடு எடுத்து மேசைமேல் வைத்தார்.

அத்தை குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

காதோரத்தில் அந்த நரை. தலைவருக்கு வயது ஏறிக்கொண்டே போனது. முடிக்கு மட்டும் ஏறாமல் இருந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் அவர் வரும்போதெல்லாம் கொக்கி ஊசியை எடுத்து, கருப்பை அங்கங்கே பிரித்து, வெள்ளை முடியை ஒவ்வொன்றாக முடிந்து வைத்தது அத்தை. அப்போது அவருக்கு அத்தை என்று பேரில்லை. சின்னப் பெண். மூக்குக்கண்ணாடி இல்லாமலே டோப்பாவின் மெல்லிய அடிவலையில் முடிச்சுப் போடுவார். நெற்றி ஓரத்தில் பிஞ்சு முடியை ஒற்றை ஒற்றையாகக் கோத்ததும் அவர்தான். இத்தனை வருடம் பெட்டியில் கிடந்தும் ஒரு முடிச்சு தளரவில்லை. இதை எங்கே பார்த்தாலும், இருட்டில் தொட்டால்கூட, அத்தைக்குத் தெரியும். நெஞ்சுக்குள் ஒரு பெருமை எழுந்தது. அதை அங்கேயே அமுக்கினார். தகட்டில் 'நழுவிய' என்ற சொல் இருக்கும்வரை, அதன் கீழே பெரியகடையின் பெயர் ஏறினால் கதை முடிந்தது. இன்னும் நூறு வருடத்துக்கு ஊர் வந்து அதைப் படித்துவிட்டுப் போகும். தலைவரைக் கொன்ற பசை இவர்கள் பசை என்று சொல்லும்.

"எங்க வேலை இல்லை" என்றார் அத்தை.

இயக்குநர் சின்னக்கடைக்காரரைப் பார்த்தார். அவரும் குனிந்தார், நேரம் எடுத்துக்கொண்டார், நிமிர்ந்தார். "எங்க வேலையும் இல்லை" என்றார்.

"ரெண்டு பேரும் இல்லையா? ஊர்ல விசாரிச்சப்போ, தலைவர் முடி எங்க முடின்னு ரெண்டு கடையும் சொல்றதா உங்க சொந்தக்காரங்களே சொன்னாங்களே."

"சீப்பு, உங்க சித்தப்பாகிட்ட கேளு" என்றார் அத்தை. "போன கல்யாணத்துல பந்தியில உக்காந்துக்கிட்டு, தலைவர் எங்க பின்வாசல் ஆளுன்னு சொன்னது யாரு? அவங்கதான் செஞ்சாங்க. பேரைப் போட்டுக்கச் சொல்லு."

"சித்தப்பா..." என்று தொடங்கினான் சீப்பு.

"கேட்டுச்சு. உங்க அத்தைகிட்ட சொல்லு. அதுக்கு முந்தின கல்யாணத்துல, அந்தக் காதோர நரை எங்க கைன்னு சொன்னது யாரு? எங்க வீட்டுல நரை வெக்கத் தெரிஞ்ச கை ஒண்ணுதான் இருந்துச்சு. அது இந்தப் பக்கம் வரலே, அந்தப் பக்கம் போயிடுச்சு."

"நரையை ஆயிரம் பேர் வெப்பாங்க. உச்சியைப் பார்க்கச் சொல்லு. முடிச்சு எல்லாம் தலைகீழா போயிருக்கு. பீச்சாங்கைக்காரன் போட்ட முடிச்சு. எங்க கடையில பீச்சாங்கைக்காரங்க யாரும் கிடையாது."

சின்னக்கடைக்காரர் இடது கையை மெல்ல வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

இயக்குநர் அங்கேயே கொஞ்சம் யோசித்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். இவர் வேலை என்று அவரும், அவர் வேலை என்று இவரும் அத்தாட்சி சொல்லிவிட்டார்கள். உலகத்தில் வேறு எந்தச் சண்டைக்காரர்களும் இப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் உண்மையைக் கண்டுபிடிக்கும் மனிதர் ஆயிற்றே, கண் முன்னால் கிடப்பது தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, யாரும் இல்லைன்னா விடுங்க. வெளிநாட்டுத் தொழிற்சாலையில மிஷின்ல செஞ்ச மலிவுச் சரக்குன்னு போட்டுடறேன். பார்த்தாலும் அப்படித்தான் இருக்கு."

அத்தையின் முதுகு விறைத்தது. சின்னக்கடைக்காரரின் மீசை துடித்தது. அந்த நேரத்தில்தான் வழிகாட்டிப் பெண் சுற்றுலாக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மேசைமேல் டோப்பா இருப்பதைப் பார்த்து அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"இதுதான் தலைவர் அணிந்திருந்த பொய்முடி. மண்டபத்தின் படிகளில் காற்றில் நழுவிய இதைப் பிடிக்கத்தான் அவர் கையை உயர்த்தினார். குண்டு பட்டு அந்தப் படிகளில் உருண்டு விழுந்த தலைவரின் உடல் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது, பொய்முடி அவர் தலையிலேயே இருந்தது. எவ்வளவு இழுத்தும் வராததால் அவருடைய மகள் எண்ணெய் தடவி ஊறவைத்து அதை எடுத்தார். இதோ, இப்போது உங்கள் பார்வைக்கு."

"எங்கே செஞ்சது இது?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஏதோ மிஷின் சரக்கு" என்றார் இயக்குநர்.

"அதான் பார்த்தேன். பொம்மைக்கு வெச்ச முடி மாதிரி இருக்கு" என்றார் அந்த மனிதர். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே துப்பாக்கிப் பொத்தான் இருந்த அறைக்குப் போய்விட்டது.

அத்தை சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். பிறகு மேசையருகே போய், மரத்தலையைத் தன் பக்கம் திருப்பி, கலைந்திருந்த காதோர முடியை விரலால் ஒதுக்கிவிட்டார். கேட்டுவிட்டுச் செய்யவில்லை.

"அம்மா, தொடக்கூடாது" என்றார் இயக்குநர்.

"நான் தொடாத முடி இதுல முன்பாதியில ஒண்ணு இல்லை" என்றார் அத்தை. "நெத்தியும் காதோரமும் என் வேலை. மிஷின் செஞ்சதாம். எந்த மிஷினுக்குய்யா வருஷா வருஷம் வயசாகும்?"

"உச்சியும் பின்னாடியும் என் வேலை" என்றார் சின்னக்கடைக்காரர். இடது கையை வேட்டியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். "கடை ஒண்ணா இருந்தப்போ செஞ்சது. அப்பா ரெண்டு பேரும் இருந்தாங்க."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க. ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாம்." தகட்டின் வெறுமையான இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"போடலாம். அதுக்கு முன்னாடி 'நழுவிய'வை எடுங்க."

"அதை எப்படிம்மா எடுக்கறது? அதானே என்னோட ஆராய்ச்சி."

"உங்க பொண்ணு இப்ப என்ன ஒப்பிச்சா?" கூட்டத்தோடு போகாமல் கதவோரம் நின்றுவிட்ட வழிகாட்டிப் பெண்ணை அத்தை திரும்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லும்மா. படியில உருண்டப்ப எங்கே இருந்துச்சு?"

அவள் இயக்குநரைப் பார்த்தாள். "தலையிலேயே இருந்தது" என்றாள் சன்னமாக.

"வீட்டுக்கு வந்தப்ப?"

"தலையிலேயே. எண்ணெய் ஊறவெச்சுத்தான் எடுத்தாங்க."

"சுட்டு, உருட்டி, தூக்கிக்கிட்டு வந்து, நாலு பேர் இழுத்தும் வராதது, அதுக்கு முந்தி ஒரு காத்துக்கு நழுவிடுச்சாக்கும். இதை எழுதினவரும் படிச்சவரு. இதை மனப்பாடம் பண்ணினவளும் படிச்சவ. ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்றீங்க, ஒருத்தருக்கும் உறைக்கலையே."

காவலாளி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார்.

இயக்குநர் தலைமேல் கையை வைத்து, தன் முடி இழுத்த இடத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு நேர்மையாகவே கேட்டார். "நழுவலைன்னா கையை எதுக்குத் தூக்கினார்? மன்னிக்கறதுக்கா? அதை நான் நம்பறதா இல்லை."

சின்னக்கடைக்காரர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். எதற்குத் தூக்கினார் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். தலைவரின் மகளும் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டதால் இந்தக் கதையில் அதைச் சொல்வதில் குற்றமில்லை. தலைவருக்குப் பயம். சுடுவார்கள் என்ற பயம் இல்லை, அது அவருக்குக் கடைசிவரை கிடையாது. முடி விழுந்துவிடும் என்ற பயம். பின்வாசல் வழியாக வந்து உட்காருவார். ஒட்டி முடித்து, அவர் தலையைப் பிடித்து ஆட்டிக் காட்டி, நீங்கள் விழுந்தாலும் இது விழாது ஐயா என்று அத்தையின் அப்பா சொல்லுவார். சரி என்று தலைவர் தலையாட்டுவார். எழுந்து வாசல் வரைக்கும் போவதற்குள் கை மேலே போய்விடும். தட்டிப் பார்த்துக்கொள்வார். மூடிய அறைக்குள், காற்றே இல்லாத இடத்தில், கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டே தட்டிப் பார்ப்பார். கூட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தட்டுவார். ஒட்டியது இவர்கள். நம்பாதது அவர்.

சின்னக்கடைக்காரர் வாயைத் திறந்தார். "அவருக்கு எப்பவுமே ஒரு..."

"தம்பி" என்றார் அத்தை.

சுவர் எழும்பிய பிறகு நேருக்கு நேர் சொன்ன முதல் சொல் அது. சீப்பு, யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வாடிக்கையாளர் சமாச்சாரம்" என்றார் அத்தை.

சின்னக்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். "சரிக்கா" என்றார்.

"என்ன, என்ன சொல்ல வந்தீங்க?" என்று இயக்குநர் பறந்தார்.

"ஒண்ணுமில்லைங்க. டோப்பா போட்டிருந்தாருங்கறதை அவர் மகளே பெட்டியைத் திறந்து ஊருக்குக் காட்டிட்டாங்க. அதைப் பத்திக் கேளுங்க, சொல்றோம். கை அவரோடது. ஏன் தூக்கினாருன்னு அவரைக் கேட்டுக்குங்க" என்றார் சின்னக்கடைக்காரர்.

"ஆராய்ச்சிக்கு இது எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியலை."

"உங்களுக்கு ஆராய்ச்சி. எங்களுக்கு அது ஒருத்தர் தலை" என்றார் அத்தை. "நழுவலைன்னு நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறோம். இது நெசமான டோப்பா, போலி இல்லைன்னும் போடறோம். ரெண்டும் ஒரே தாள்ல இருக்கும். ஒண்ணை மட்டும் கிழிச்சு எடுத்துக்க முடியாது. வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே கிளம்பறோம். நீங்களாச்சு, அந்தக் கட்சிக்காரங்களாச்சு."

அடுத்த வாரம் அமைச்சர் வருகிறார் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். இயக்குநர் கொஞ்ச நேரம் நடந்தார். மெழுகுத் தலைவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில் புதுத் தகட்டுக்கு வாசகம் எழுத ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். 'காற்றில் நழுவிய இதைப் பிடிக்க' என்பது போயிற்று. 'தலைவர் கையை உயர்த்திய வேளையில் குண்டு பாய்ந்தது' என்பது மட்டும் நின்றது. மன்னித்தார் என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். சிலைகளை இடிக்க வேண்டியதில்லை, குவளைகளும் விற்றுத் தீரும். நாட்டுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

"இப்ப பேர். பெரியகடை, சின்னக்கடைன்னு போட்டுடறேன்."

"அப்படியே போடுங்க" என்றார் அத்தை.

"அது ஏன் பெரியகடை முதல்ல?" என்றார் சின்னக்கடைக்காரர். "உச்சியில்லாம நெத்தி நிக்குமா?"

"நெத்தியைத்தானே ஊர் பார்க்குது. உன் உச்சியை ஏணி வெச்சா பார்த்தாங்க?"

"அவர் வந்தது எங்க வாசல் வழியா."

"அப்ப வாசலுக்குச் சுவர் கிடையாது."

"சுவரை எழுப்பச் சொன்னது யாரு?"

"கல்லு வாங்கிட்டு வந்தது யாரு?"

நடுவில் ஆள் இல்லாமலே பேச்சு வேகமாகத்தான் போயிற்று. ஒரு கட்டத்தில் சின்னக்கடைக்காரர் மனைவி போய்க் காவலாளியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அகர வரிசைப்படி போடலாமே என்றார் இயக்குநர். அதில் யார் முந்தி வருவார்கள் என்று இரண்டு பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். உடனே ஒருவர் வேண்டாம் என்றார். அப்படியானால் வயது வரிசை என்றார் இயக்குநர். மற்றவர் வேண்டாம் என்றார். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் போடலாம் என்றதற்கு, வலப்பக்கம் யார் என்று கேள்வி வந்தது. உண்மையைக் கண்டுபிடிக்கப் பிறந்த மனிதர் அன்று அந்த மேசைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு யாரையும் கேட்காமல் தானே எழுதினார்: 'செய்தவர்கள்: ஒரே குடும்பத்தார்.'

அத்தை அதைப் படித்தார். சின்னக்கடைக்காரர் அதைப் படித்தார். தன் பெயர் இல்லை என்பது இரண்டு பேருக்கும் குறைதான். ஆனால் மற்றவர் பெயரும் இல்லை. கையெழுத்துப் போட்டார்கள். அத்தை மேலே போட்டார்; சின்னக்கடைக்காரர் கீழே போட்டார், ஆனால் பெரிதாகப் போட்டார்.

அடுத்த வாரம் அமைச்சர் வந்து திறந்தார். செய்தித்தாளில் தகட்டின் படம், டோப்பா நழுவவே இல்லை என்ற விளக்கத்தோடு வந்தது. கண்ணாடி முன்னால் உட்காருபவர்கள் தலையை உலுக்குவது நின்றுபோயிற்று. அந்த மணப்பெண்ணின் தாய் மறுபடி ஆள் அனுப்பினாள். ஆனால் பெரியகடைக்கா சின்னக்கடைக்கா என்று சொல்லாமல், 'அந்தக் குடும்பத்துக் கடை' என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். வந்த ஆளை இரண்டு கடையும் இழுத்த இழுப்பு தனிக் கதை.

அதிலிருந்துதான் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. தலைவரின் முடிக்கு முன்னால் அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். நடுச்சுவரை இடித்துவிட்டார்களாம். பெரியகடையும் சின்னக்கடையும் பழையபடி ஒன்றாகிவிட்டனவாம். யாரும் அழவில்லை. சுவர் இருக்கிறது. கடைகள் ஒன்றாகவில்லை.